இரண்டு நிமிடம் நாற்பது வினாடி

"ஒப்பந்தச் சேவைக் கண்காணிப்பாளர், இரண்டாம் நிலை: சார்பற்றவர். சேவை பெறுவோரிடமோ சேவை வழங்கும் நிறுவனத்தாரிடமோ உறவு, நட்பு, பகை எதுவும் இல்லாதவர். இருபது கிலோ எடையைப் பிறர் துணையின்றித் தூக்கக்கூடியவர். வழங்குநரின் அன்றாடப் பணிகளில் தலையிடாதவர். ஆவணங்களைச் சரிபார்த்து, பார்த்ததை மட்டும் பதிவு செய்பவர்."

மாநில அரசின் இந்த வர்ணனைக்குப் பொருந்தும் ஆள் ஓட்டர் கவுண்டி என்ற வடகோடி மாவட்டத்தில் வேண்டுமென்றால், வாரத்துக்கு இருமுறை வரும் பேருந்தில் நேற்றுதான் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். ஆர்லீன் மாட்டிலா அங்கே பிறந்து அறுபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. இடது இடுப்பில் உலோக மூட்டு. இருபது கிலோவைத் தூக்குவதென்றால் முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யோசிப்பாள். அவள் கண்காணித்த நிறுவனத்தின் தலைவி ஜூடி பெர்க் அவளுடைய நாத்தனார். கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய் இருபத்தொரு வருடமாகிவிட்டது. நாத்தனார் எங்கேயும் போகவில்லை. ஆண்டுதோறும் நிரப்பும் படிவத்தில் "தற்போது திருமண வழி உறவு உண்டா?" என்றொரு கேள்வி வரும். 'தற்போது' என்ற சொல்லுக்கு நன்றி சொல்லி, "இல்லை" என்று குறிப்பாள். அதில் பொய் எதுவும் இல்லை. நன்றி தெரிவிக்கும் நாளன்று வான்கோழி விருந்து மட்டும் ஜூடியின் வீட்டில்.

ஜூடியின் நிறுவனம் அரசு ஒப்பந்தத்தில் ஐந்து வீடுகளை நடத்தியது. தனியாக வாழ முடியாத, ஆனால் மருத்துவமனையிலும் கிடக்க வேண்டியதில்லாத மனிதர்களுக்கான வீடுகள். அவற்றில் ஆல்டர் தெரு வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். ஆர்லீன் ஒன்பது வருடமாக ஜனவரிதோறும் அங்கே போய் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கு விடை குறித்துவிட்டு வந்தாள். வருவதற்குப் பதினான்கு நாள் முன்பே கடிதம் போக வேண்டும் என்பது விதி. எதிர்பாராமல் போனால் வீட்டாரின் அமைதி கெடும் என்பது விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். கடிதம் போனால் வீட்டின் தூசி மட்டும் கெடும்.

அந்த ஜனவரியிலும் அப்படித்தான். அவள் காரை நிறுத்துவதற்குள் ஜன்னலில் டாட்டியின் முகம் தெரிந்தது. டாட்டிக்கு ஐம்பத்து மூன்று வயது; டவுன் சிண்ட்ரோம்; அந்த வீட்டில் பதினேழு வருடம். மறைக்கத் தெரியாதவள் என்பதால் ஜூடிக்கு அவளிடம் கொஞ்சம் பயம்.

"வந்துட்டா! ஏலக்காய் ரொட்டி வாசம் வந்தப்பவே சொன்னேன்ல? ஜூடி, உங்க அண்ணி வந்துட்டா!"

"அண்ணி இல்ல டாட்டி. அதிகாரி."

"அதிகாரின்னா பூட்ஸ எங்க கழட்டணும்னு கேப்பாங்க. இவ கேக்காமலே கழட்டுறா."

ஏலக்காய் போட்டுப் பின்னிய ரொட்டி ஆய்வு நாளுக்கென்றே சுடப்படுவது. பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம். இப்போது சுரங்கம் இல்லை, ரொட்டி இருக்கிறது. மேசை விரிப்பு புதிதாக இருந்தது. சுவரில் வாரச் சாப்பாட்டுப் பட்டியல் நான்கு நிறத்தில் ஒட்டியிருந்தது. கோப்புகள் முன்வாசலை ஒட்டிய அலுவலக அறையில், முதுகில் எண்ணிட்டு, அலமாரி அலமாரியாக நின்றன. வெயில் விழும் ஒரே அறை அதுதான்.

ஆர்லீன் உட்கார்ந்தாள், காப்பி வந்தது, ரொட்டி வந்தது. தண்ணீர்ச் சூடு, மருந்துப் பெட்டிப் பூட்டு, பணியாளர் பயிற்சிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே நாற்பத்தாறாவது கேள்விக்கு வந்தாள். தீ ஒத்திகை. மாதம் ஒன்று; எல்லோரும் மூன்று நிமிடத்துக்குள் வெளியே வந்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் பன்னிரண்டு ஒத்திகைகளும் இருந்தன. பன்னிரண்டிலும் எடுத்த நேரம் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. இது அவளுக்குப் புதிதல்ல. ஒன்பது வருடமாகவே அந்த வீடு கோடையிலும் பனியிலும் வினாடி பிசகாமல் எரிந்து, வினாடி பிசகாமல் தப்பித்துக்கொண்டிருந்தது. அவளும் ஒன்பது வருடமாக ஓரத்தில் தன் பெயரின் இரண்டு முதலெழுத்தைப் போட்டிருந்தாள். நேரம் மூன்றுக்குக் குறைவா என்பதுதான் கேள்வி. நம்பும்படி இருக்கிறதா என்று படிவம் கேட்கவில்லை.

ஆனால் நவம்பர் மாத வரியில் விரல் நின்றது. நவம்பர் 15, காலை 7:30. நடத்தியவர்: ராட்னி கங்காஸ், எல்லோருக்கும் ராட், அந்த வீட்டின் பணியாளன்.

மாநிலத்தின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலத்துக்குத் தெற்கே, தலைநகரத்தில் இருக்கும் எவரும் அந்த வரியை ஆயிரம் தடவை படித்தாலும் ஒன்றும் தோன்றாது. பாலத்துக்கு வடக்கே, மேல் தீபகற்பத்தில் அது 'சூரியன் மேற்கே உதித்தது' என்று எழுதியதற்குச் சமம். நவம்பர் 15 மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடம் மூடியிருக்கும். பல் வைத்தியர் மூடியிருப்பார். நீதிபதி விடுப்பில் இருப்பார். அவர் முன் நிற்க வேண்டியவனும் பக்கத்து மரத்தில்தான் மானுக்குக் காத்திருப்பான். அதிலும் கங்காஸ் என்ற வேட்டைக்காரக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, அன்று காலை ஏழரைக்கு ஒருவன் கூரைக்குக் கீழே இருந்தான் என்றால் அவனுக்குப் பிண ஊர்தி சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிட, அன்று சாயங்காலம் ஊர் நடுவில் மான்களைத் தொங்கவிடும் கம்பத்தடியில், எட்டுக் கிளைக் கொம்போடு தொங்கிய ராடின் மானுக்குக் கீழே நின்று ஆர்லீனே அவனோடு கை குலுக்கியிருந்தாள். பொழுது விடியுமுன் மரமேறியதிலிருந்து குண்டு பாய்ந்தது வரை அவன் கதையை இரண்டு முறை கேட்டிருந்தாள்.

"ஜூடி, ராட் இன்னிக்கு டியூட்டில இருக்கானா?"

"இருக்கான். எதுக்கு?"

ராட் வந்தான். முப்பத்தெட்டு வயது, கரடி உருவம், குழந்தை முகம். அந்த நாலு பேருக்கும் குளிப்பாட்டி, சவரம் செய்து, சண்டை தீர்த்து வைப்பவன். ஆர்லீனின் வீட்டு வாசல் பனியையும் கேட்காமலே அவன்தான் தள்ளிவிட்டு, ஒரு ஹாரன் அடித்துப் போவான்.

"நவம்பர் பதினஞ்சு காலைல ஏழரைக்கு நீ எங்க இருந்தே ராட்?"

அவன் ஜூடியைப் பார்த்தான். ஜூடி சுவரில் ஒட்டிய சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தாள். ஒத்திகையைப் பற்றி அவனால் பொய் சொல்ல முடியும். மானை மறுக்க நாக்கு வரவில்லை.

"மரத்து மேல."

"அப்போ இங்க டிரில் நடத்தினது யாரு?"

"சத்தியமா நான் பதினாறுன்னுதான் போடச் சொன்னேன் ஆர்லீன்."

"வாய மூடு ராட்," என்றாள் ஜூடி. பிறகு குரல் இறங்கியது. "அன்னிக்கு இங்க இருந்தது நான் ஒருத்திதான். அட்டவணைப்படி வர வேண்டிய இவன் வரல. நாலு பேருக்கும் நானே கஞ்சி ஊட்டினேன், நானே துடைச்சு விட்டேன். ஆனா தலைவி பேரை நடத்தினவங்க கட்டத்துல போடக் கூடாதே, உங்க விதி. அதனால அட்டவணைல யார் பேரு இருந்துச்சோ அதப் போட்டேன். வருஷக் கடைசில உக்காந்து பன்னெண்டையும் ஒண்ணா எழுதினேன். எழுதுறப்போ வேட்டை நாள்னு தோணவே இல்ல. நான் கோழியக்கூடக் கடையில வாங்குறவ."

"மத்த பதினொண்ணு?"

"நீ ரொட்டி சாப்பிடு ஆர்லீன்."

ஆர்லீன் ரொட்டியைக் கீழே வைத்தாள். நாற்பத்தேழாவது கேள்வி: பின்வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் உள்ளதா? ஒன்பது வருடமும் 'உள்ளது' என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறித்திருந்தாள். அன்று எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

பின்கட்டு அறை லீலண்ட் கோர்வாவுடையது. ஐம்பத்தெட்டு வயது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகாமல் கைகால்கள் சொன்னபடி கேட்காதவன். கேட்பதும் புரிவதும் எல்லோரையும் போல. பேச்சுக்குப் பதில் இடது கட்டை விரல். மேலே என்றால் ஆம். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற ஒரு சிறிய தூக்கும் இயந்திரம். அந்த அறையை அவனுக்குக் கொடுத்ததற்கே காரணம் சாய்தளத்துக்குத் திறக்கும் அந்தக் கதவுதான். ஆர்லீன் கதவைத் தள்ளினாள். கல்லாட்டம் நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தகரக் கூரையிலிருந்து சரிந்த பனி அப்படியே சாய்தளத்தின் மேல் இடுப்பளவுக்கு விழுந்து இறுகிக் கிடந்தது. சாய்தளம் உள்ளது. ஏப்ரலில் பார்க்கலாம்.

"லீலண்ட், நவம்பர்ல இங்க டிரில் நடந்துச்சா?"

அவன் சிரித்தான். உடம்பே குலுங்கச் சிரித்தான். நூற்றுப் பன்னிரண்டில் 'சேவை பெறுவோரிடம் பேசப்பட்டதா' என்பதும் ஒரு கேள்வி. இத்தனை வருடமும் ஜூடி "பேசியாச்சு" என்பாள், ஆர்லீன் குறித்துக்கொள்வாள்.

"இப்போ ஒண்ணு நடத்தட்டுமா?"

கட்டை விரல் மேலே போனது.

ஆர்லீன் கூடத்துக்கு வந்து சொன்னாள்: "ஜூடி, நீ இல்லாத மாதிரி உக்காரு. தினமும் மத்தியானம் நீ இருக்கமாட்டேல்ல. ராட், நீ மட்டும்." பிறகு அடுப்படி நேரங்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் இருந்த மணியை அழுத்தினாள்.

முதல் நான்கு நிமிடம் நன்றாகவே போயிற்று. டாட்டி கோட்டு, தொப்பி, கைப்பை எல்லாம் போட்டுக்கொண்டு முதலில் வெளியே போனாள். மற்ற இருவரை ராட் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பாதையில் நிறுத்தினான். திரும்பி ஓடினான். தூக்கும் இயந்திரத்தில் மின்கலம் இறங்கியிருந்தது, அதை மாற்றினான். லீலண்டை நாற்காலியில் இறக்கியபோது ஒன்பது நிமிடம். பின்கதவைத் தோளால் மோதினான், மோதினான், அது அசையவில்லை. சரி, முன்வழியே கொண்டுபோகலாம் என்று நடைபாதைக்குத் திருப்பினான். நாற்காலி நின்றுவிட்டது.

நடைபாதையில் ஒரு பெரிய உறைபெட்டி இருந்தது. அதில் மான் கறி இருந்தது. அதே எட்டுக் கிளைக் கொம்பு மான். வீட்டுக்கு அன்பளிப்பாக ராட் கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு ஆர்லீன் வாங்கிப்போன தொத்திறைச்சியும் அதிலிருந்துதான். ஒத்திகை நடந்ததாக எழுதிய காலையில் சுடப்பட்ட மான், ஒத்திகை நடந்தபோது வழியை மறித்துக்கொண்டிருந்தது.

ராட் உறைபெட்டியைத் தள்ளினான். நகரவில்லை. மூடியைத் திறந்து கறிப் பொட்டலங்களைத் தரையில் வாரிப் போட்டான். முகம் வியர்த்து, கண்ணும் வியர்த்திருந்தது. ஜூடி எழுந்தாள்.

"உக்காரு," என்றாள் ஆர்லீன்.

"ஏய், மனுஷியா நீ? அவன் படுற பாட்ட பாரு!"

"நீ இங்க இல்ல ஜூடி."

அவளுக்கும் எழுந்துபோய்த் தள்ள வேண்டும் போலிருந்தது. தள்ளினால் நேரம் பொய்யாகிவிடும். நேரங்காட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். லீலண்ட் சிரிப்பை நிறுத்திப் பல நிமிடம் ஆகியிருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகை முதலில் அங்கேதான் வரும் என்று அவனுக்கும் தெரியும்.

காலியான பெட்டி ஒதுங்கி, முன்வாசலைத் தாண்டிப் போர்வைகளோடு லீலண்ட் பனிக்கு வந்து சேர்ந்தபோது பத்தொன்பது நிமிடம்.

அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவந்த மார்சி, லீலண்டின் தங்கை, அப்போதுதான் வண்டியை நிறுத்தினாள். பதினெட்டு வருடமாக ஞாயிறுதோறும் வருபவள். அண்ணன் பட்டப்பகலில் போர்வைக்குள் வெளியே பனியில் இருப்பதைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு? எங்க தீ?"

"தீ இல்ல. ஆர்லீன் எங்கள எரிச்சுப் பாத்தா," என்றாள் டாட்டி. "நான்தான் ஃபர்ஸ்ட்டு."

எல்லோரும் உள்ளே போனார்கள். விஷயம் மார்சிக்கு முழுக்கத் தெரிந்ததும் ஆர்லீனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"எழுதப் போறியா?"

"பாத்தத எழுதணும் மார்சி."

"எழுதினா லைசென்ஸ் போகும். இந்தப் பக்கம் மூணு கவுண்டிக்கும் ஜூடிய விட்டா வேற ஆளு இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் முந்நூறு மைல்ல ஒரு படுக்கை காலியிருக்கும், அங்க தூக்கிப் போடுவாங்க. ஞாயித்துக்கிழமை அவனுக்கு யாரு சவரம் பண்ணுவா? நீயா?"

"தீப்பிடிச்சா?"

"பிடிக்கலையே! இத்தன வருஷம் பிடிக்கலையே!"

ஆர்லீன் காரில் உட்கார்ந்து, சூட்டைத் திருப்பிவிட்டு, தலைநகரத்தில் இருக்கும் தன் மேலதிகாரி பிரெண்டனைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். நல்ல பையன், முப்பத்து நான்கு வயது, பாலத்தைத் தாண்டி ஒரே ஒரு முறை, தேனிலவுக்கு வந்திருக்கிறான்.

"ஆர்லீன், டிரில் நடத்துறது வழங்குநரோட வேலை. நடத்தினாங்களான்னு பாக்குறதுதான் நம்ம வேலை."

"நடத்தலன்னு பாத்தேன்."

"பதிவேட்டுல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்போ பதிவேடு சரியா இருக்கு."

"பதிவேடு சரியாத்தான் இருக்கு பிரெண்டன். வீடுதான் தப்பா இருக்கு."

"நீங்க பத்தொன்பதுன்னு போட்டா கணினியே லைசென்ஸ நிபந்தனைக்கு மாத்திடும், கெடுவுக்குள்ள சரி பண்ணலன்னா போயிடும். நான் தடுக்க முடியாது. உங்க மேலயும் விசாரணை வரும்: அனுமதியில்லாம மணிய அடிச்சது, அந்த நாத்தனார் விஷயம், எல்லாம். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் மூணு வருஷம்தானே? கடைசிப் பக்கத்துல பரிந்துரைக் கட்டம் இருக்கு. 'வெளியேறும் வழியை மேம்படுத்தலாம்'னு போடுங்க. யாருக்கும் கஷ்டம் இல்ல."

"அத யாராவது படிப்பாங்களா?"

"அதான் சொல்றேன், யாருக்கும் கஷ்டம் இல்ல."

அவள் மறுபடி உள்ளே போனாள். லீலண்டின் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேளு. நான் எழுதினா உன்னத் தெக்க அனுப்பினாலும் அனுப்புவாங்க. எழுதலைன்னா நீ இங்கயே இருப்ப, இந்தக் கதவோட. எழுதட்டுமா?"

அவன் அந்தக் கதவைப் பார்த்தான். விரல் மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். இப்படிப்பட்ட கேள்வியை ஒரு மனிதனிடம் கொண்டுபோய் வைத்தால், அவன் பதில் சொல்லாமலிருப்பதும் நியாயம்தான் என்று கடைசியில் அவளுக்குப் பட்டது. இரண்டு பக்கமும் அவனுக்குத்தான் சுடும். அவளுக்கு வேலை மட்டும்தான் போகும்.

கூடத்தில் டாட்டி அலுவலக அறை வாசலில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"ஜூடி, ஒரு சந்தேகம். இந்த ரூம் வாசல்கிட்ட இருக்கு. இதுல ஃபைலு தூங்குது. தீப்பிடிச்சா ஃபைலு முதல்ல ஓடிடும். ஃபைலுக்குக் கால் இருக்கா?"

ஆர்லீனும் ஜூடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் ஆதாரம் வைக்க அந்த வீட்டின் பாதுகாப்பான அறை தேவைப்பட்டிருந்தது. பாதுகாக்கப்பட வேண்டியவன் பின்கட்டில் இருந்தான். இது தெரிய இரண்டு படித்த பெண்களுக்கு ஒன்பது வருடமும் டாட்டியும் வேண்டியிருந்தது.

அன்று மாலையே ராட் அலமாரிகளைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போனான். லீலண்டின் கட்டில் வெயில் விழும் அறைக்கு வந்தது. உறைபெட்டி ராடின் கார்க் கொட்டகைக்குப் போனது. இதனால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அடுத்த வாரம் ஜூடி ராடை வைத்து நடத்திய முதல் நிஜ ஒத்திகையில் நான்கு நிமிடம் பத்து வினாடி ஆனது. அதற்கு அடுத்ததில் மூன்று நிமிடம் ஐம்பது. இரண்டும் அப்படியே பதிவேட்டில் ஏறின. விதிப்படி இரண்டுமே தோல்வி. பொய் எழுதிய வருடங்களில் ஒருமுறைகூடத் தவறாத வீடு, உண்மை எழுதத் தொடங்கியதும் வரிசையாகத் தவறியது. உரிமம் அறுபது நாள் நிபந்தனைக்குப் போயிற்று. அது முடிந்து இன்னொரு அறுபது நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் லீலண்ட் தெற்கே போக வேண்டியதுதான். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மார்சி வந்து சவரம் செய்துவிட்டுப் போகிறாள். ஆர்லீனைத் தபால் நிலையத்தில் பார்த்தால் கடிதங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொள்கிறாள். ஜூடியும் பேசுவதில்லை. ராட் மட்டும் பனி விழுந்த காலைகளில் வழக்கம்போல் ஆர்லீனின் வாசல் பனியைத் தள்ளிவிட்டு, ஹாரன் அடிக்காமல் போய்விடுகிறான்.

ஆர்லீனைப் பணியிலிருந்து விலக்கிவைத்தார்கள். விசாரணை அறிக்கை பதினொரு பக்கம். "மேற்படி கண்காணிப்பாளர் சார்பின்மையை இழந்தார், வழங்குநரின் அன்றாடப் பணியில் தலையிட்டார், ஆவண ஆய்வு என்னும் தமது வரம்பை மீறினார், தற்போதைய உறவு குறித்த தகவலை முழுமையாகத் தெரிவிக்கவில்லை" என்று அது சொல்கிறது. ஒரு வாக்கியத்தையும் அவள் மறுக்கவில்லை. கூடுதலாக, முந்தைய ஒன்பது ஆண்டுப் பதிவுகளில் தான் போட்ட கையொப்பங்களும் தவறானவை என்று தானே எழுதி இணைத்தாள். அதற்கென்று படிவம் இல்லாததால் வெள்ளைத் தாளில் எழுதினாள்.

அவள் செய்தது இதுதான். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் ஆல்டர் தெரு வீட்டில் மணியை அழுத்தினாள். லீலண்ட் கோர்வா வெளியே வரப் பத்தொன்பது நிமிடம் ஆனது. பத்தொன்பது என்று எழுதினாள்.